புவிவெப்ப ஆற்றலில் முதுநிலைப் படிப்பு: எதை, எங்கே, யாரிடம்?

கேள்வி இதுதான்: "இயந்திரப் பொறியியலில் இளநிலை முடித்திருக்கிறேன். புவிவெப்ப ஆற்றலில் முதுநிலை படிக்க ஆசை. ஆனால் அந்தப் பெயரிலேயே பட்டம் தரும் பல்கலைக்கழகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. எனக்கு நிலவியல் தெரியாது. இந்தத் துறைக்குள் வர முடியுமா? எதைப் படிப்பது, எங்கே படிப்பது? வேலை இருக்குமா?"

தாராளமாக வரலாம். இந்தத் துறையில் சொல்லும்படியான வேலை செய்திருப்பவர்களில் பெரும்பாலோர் கையில் புவிவெப்பம் என்று அச்சிட்ட பட்டம் கிடையாது. நிலவியல், வேதியியல், புவி இயற்பியல், பெட்ரோலியப் பொறியியல், இயந்திரப் பொறியியல், கணிதம் என ஏதோ ஒன்றில் ஊன்றிப் படித்துவிட்டு, அந்த அறிவைச் சூடான பாறையின் பக்கம் திருப்பியவர்கள் அவர்கள். அதனால் பட்டத்தின் பெயரைத் தேடி அலைய வேண்டாம். உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: எந்த ஒரு பிரிவில் ஆழமாக இறங்கப் போகிறேன்? என் ஆய்வேட்டுக்கு உண்மையான கிணற்றுத் தரவு எங்கிருந்து கிடைக்கும்? இவை இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பல்கலைக்கழகத்தைத் தேர்வது பெரிய வேலை இல்லை.

முதலில் துறையின் அடிப்படைக் கணக்கைப் பார்த்துவிடலாம். நிலத்துக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடும். ஆனால் கண்டங்களின் தரை வழியாக வெளியேறும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் 65 மில்லிவாட்தான். ஒரு சதுர கிலோமீட்டர் நிலம் முழுவதற்கும் சேர்த்தால் 65 கிலோவாட். அதை நம்பி மின்நிலையம் கட்ட முடியாது. நாம் உண்மையில் எடுப்பது, நெடுங்காலமாகப் பாறையில் சேர்ந்து கிடக்கும் வெப்பத்தை. ஒரு கன கிலோமீட்டர் பாறையை 100 டிகிரி குளிரவைத்தால், 30 ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாக ஏறத்தாழ 285 மெகாவாட் வெப்பம் வரும். மலைப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் நீர் தொட்டுச் செல்வது அந்தப் பாறையில் சிறு பகுதியைத்தான். பத்தில் ஒரு பங்கு கைக்குக் கிடைத்தால் 28 மெகாவாட். அதை மின்சாரமாக மாற்றினால் மறுபடியும் பத்தில் ஒரு பங்குதான் தேறும். கடைசியில் 3 மெகாவாட். 285 எப்படி 3 ஆனது, அந்த 3-ஐ 6 ஆக்க என்ன வழி என்பதைத்தான் முதுநிலையில் நீங்கள் படிக்கப் போகிறீர்கள்.

வெப்பம் மட்டும் இருந்தால் போதாது. அதைச் சுமந்து வர நீர் வேண்டும், அந்த நீர் நகரப் பாறையில் வெடிப்புகளும் பிளவுகளும் வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அரிது. துளையிடுவதற்கு முன்பே அவை அமைந்திருக்கின்றனவா என்று கணிக்கத்தான் நிலவியல், புவி வேதியியல், புவி இயற்பியல் மூன்றும் கைகோக்கின்றன. நிலவியல் பிளவுகளின் போக்கைச் சொல்லும். எரிமலைப் பாறைகளில் வெப்பநீர் என்னென்ன கனிமங்களை மாற்றிப் போட்டிருக்கிறது என்று சொல்லும். இந்த அளவு நிலவியலை ஒரு பொறியாளர் ஒரு பருவத்தில் பிடித்துவிடலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

புவி வேதியியலைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம், இதன் அழகு தெரிய வேண்டுமென்றால். ஒரு வெந்நீர் ஊற்றில் நீர் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறீர்கள். கிலோவுக்கு 300 மில்லிகிராம் சிலிக்கா இருப்பதாக முடிவு வருகிறது. 300-இன் லாகரிதம் 2.477. அதை 5.19-இலிருந்து கழித்தால் 2.713. அந்த எண்ணால் 1309-ஐ வகுத்து, விடையிலிருந்து 273 கழித்தால் 209. குவார்ட்ஸ் கனிமத்தோடு அந்த நீர் கடைசியாகச் சமநிலையில் இருந்த இடத்தின் வெப்பநிலை 209 டிகிரி செல்சியஸ் என்று பொருள். ஒரு குடுவை நீரைக் கொண்டு, கண்ணால் காண முடியாத ஆழத்தின் சூட்டைச் சொல்லிவிட்டீர்கள்.

ஆனால் அதே நீர் மேலே வரும் வழியில் சம அளவு குளிர்ந்த நிலத்தடி நீரோடு கலந்திருந்தால் சிலிக்கா 150 ஆகக் குறையும், கணக்கு 161 டிகிரி என்று காட்டும். ஐம்பது டிகிரி வித்தியாசம். ஒரு திட்டத்தை முன்னெடுக்கலாமா கைவிடலாமா என்பதே இதில் தலைகீழாகிவிடும். அதனால்தான் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதத்தையும் பார்க்கிறார்கள். நல்ல நீர் கலந்தால் இரண்டும் ஒரே அளவில் நீர்த்துப்போகும், விகிதம் பெரிதாக மாறாது. புவி வேதியியலாளர் வெர்னர் கிகன்பாக் 1988இல் சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் ஒரே முக்கோண வரைபடத்தில் வைத்து, எந்த நீரை நம்பலாம், எது வழியில் மாறிவிட்டது என்று பிரித்துக் காட்டினார். இன்றும் எந்த ஆய்வறிக்கையைத் திறந்தாலும் அந்த முக்கோணம் இருக்கும். ஓர் அளவீட்டை இன்னோர் அளவீட்டால் சோதித்துப் பார்த்த பிறகே முடிவு சொல்வது என்ற பழக்கம் இந்தத் துறையின் எல்லாப் பிரிவுகளுக்கும் பொது. அதில் ஈடுபாடு வருகிறவர்களுக்கு இந்தப் படிப்பு பிடித்துப்போகும்.

புவி இயற்பியலில் முக்கியமான கருவி மின்தடை அளவீடு. எரிமலைப் பகுதிகளில் வெப்பநீர் பாறையைக் களிமண் கனிமங்களாக மாற்றுகிறது. சுமார் 180 டிகிரிக்குக் கீழே உருவாகும் ஸ்மெக்டைட் களிமண் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். 220 டிகிரியைத் தாண்டினால் அது வேறு கனிமங்களாக மாறி மின்தடை கூடிவிடும். அதனால் மின்தடை குறைந்த ஒரு மூடி, அதற்கு அடியில் மின்தடை கூடிய ஒரு மேடு என்ற அமைப்பைத் தேடுகிறார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. களிமண் என்பது பழைய வெப்பத்தின் தழும்பு. பாறை எப்போதோ ஆறிப்போயிருந்தாலும் களிமண் அப்படியே இருக்கும். மின்தடை வரைபடத்தை மட்டும் நம்பித் துளையிட்டுக் குளிர்ந்த கிணறு கிடைப்பது இப்படித்தான்.

உங்களைப் போன்ற இயந்திரப் பொறியாளருக்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. முதலாவது மின்நிலையம். இத்தாலியின் லார்டெரெல்லோவில் 1904இல் பியெரோ ஜினோரி கொன்ட்டி ஐந்து விளக்குகளை எரியவைத்தது நிலத்திலிருந்து வந்த நீராவியைக் கொண்டு. நீராவி மட்டுமே வரும் அப்படிப்பட்ட வயல்கள், அதாவது கிணறு தோண்டி வெப்பம் எடுக்கும் பகுதிகள், உலகில் மிகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் சூடான நீரும் நீராவியும் கலந்தே வரும். அங்கே அழுத்தத்தைக் குறைத்து நீராவியைப் பிரித்து விசையாழிக்கு அனுப்புவார்கள். வெப்பநிலை குறைவாக இருந்தால், தாழ்ந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஐசோபென்டேன் போன்ற வேறொரு திரவத்தை அந்த நீரால் சூடாக்கி, அதன் ஆவியைக் கொண்டு விசையாழியைச் சுற்றுவார்கள். கணக்கு உங்களுக்குப் பழகியதுதான்: நொடிக்கு 50 கிலோ நீர் 150 டிகிரியில் வந்து 70 டிகிரியில் வெளியேறினால் சுமார் 16.8 மெகாவாட் வெப்பம் கிடைக்கும். அதில் மின்சாரமாக மாறுவது 1.7 மெகாவாட் அளவுக்குத்தான். நீர் எவ்வளவு குளிரலாம் என்பதை டர்பைன் முடிவு செய்வதில்லை, சிலிக்கா முடிவு செய்கிறது. ஓர் அளவுக்குக் கீழே குளிர்ந்தால் குழாய்களிலும், பயன்படுத்திய நீரைத் திரும்ப நிலத்துக்குள் அனுப்பும் மீள்செலுத்தும் கிணறுகளிலும் சிலிக்கா படிந்து அடைத்துவிடும். மின்நிலையம் படிக்கப் போகிறவருக்கும் வேதியியல் தேவைப்படுவது இதனால்தான்.

இரண்டாவது வாசல் ரிசர்வாயர் பொறியியல், அதாவது நிலத்தடியில் வெப்பநீர் தேங்கியிருக்கும் பாறைப் பகுதியின் நடத்தையைக் கணிப்பது. என்னைக் கேட்டால் நீங்கள் இதைத்தான் எடுக்க வேண்டும் என்பேன். பாய்ம இயக்கவியலும் வெப்பப் பரிமாற்றமும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. சேர்க்க வேண்டியது பாறையின் ஊடாக நீர் பாயும் வேகத்தைச் சொல்லும் டார்சி விதியும், பாறையின் ஊடுருவுதிறனும், கொதிக்கும் நீர் பாறைக்குள் எப்படி நகர்கிறது என்பதும்தான். இந்த வேலை தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் வயலைப் பாருங்கள். 1960இல் 11 மெகாவாட்டில் தொடங்கி, 1980களில் உலகிலேயே பெரிய புவிவெப்ப வளாகமாக வளர்ந்தது. பல நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு நீராவியை எடுத்தன. எடுத்த நீரில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரங்கள் வழியாக ஆவியாகிப் போனது. பத்தாண்டு முடிவதற்குள் அழுத்தம் மளமளவென்று சரிந்தது. வெப்பம் தீரவில்லை, நீர்தான் தீர்ந்துபோனது. 1997இல் லேக் கவுண்டியிலிருந்தும் 2003இல் சாண்டா ரோசா நகரத்திலிருந்தும் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் வழியே கொண்டுவந்து நிலத்துக்குள் செலுத்திய பிறகே சரிவு மட்டுப்பட்டது.

நியூசிலாந்தின் வைராக்கேய் இன்னொரு பாடம். நீரும் நீராவியும் கலந்து வரும் வயலில் உலகில் முதன்முதலில் பெரிய மின்நிலையம் அமைந்தது அங்கேதான், 1958இல். எடுத்த நீரைத் திருப்பிச் செலுத்தாமல் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். வயலின் ஒரு பகுதியில் தரை 15 மீட்டர் வரை இறங்கியது, பக்கத்துப் பள்ளத்தாக்கின் இயற்கை நீரூற்றுகள் அடங்கிப்போயின. எங்கே, எவ்வளவு, எந்த ஆழத்தில் மீள்செலுத்துவது என்ற கேள்வி அதன் பிறகே துறையின் நடுவுக்கு வந்தது. கிணற்றுக்கு மிக அருகில் செலுத்தினால் உற்பத்திக் கிணறே குளிர்ந்துவிடும், தள்ளிச் செலுத்தினால் அழுத்தம் தாங்காது. இதைத் தீர்மானிக்க நிறமியோ வேறு சுவடு வேதிப்பொருளோ கலந்த நீரை ஒரு கிணற்றில் விட்டு, மற்ற கிணறுகளில் எப்போது, எவ்வளவு தலைகாட்டுகிறது என்று மாதக்கணக்கில் கவனிப்பார்கள். பிறகு கணினி மாதிரியில் அதை மறுபடி நிகழ்த்திப் பார்ப்பார்கள். இதற்கான டஃப்2 மென்பொருள் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவானது. ஆக்லாந்து பல்கலைக்கழகக் குழுவினர் எழுதிய வைவேரா திறந்த மூலமானது. யாரும் இறக்கிப் பழகலாம்.

இனி இடங்கள். ஐஸ்லாந்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், அதனால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ரெய்க்யாவிக்கில் 1979 முதல் நடந்துவரும் பயிற்சித் திட்டம் முன்பு ஐ.நா. பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது, இப்போது யுனெஸ்கோவின் கீழ் க்ரோ என்ற பெயரில் இயங்குகிறது. ஆறு மாதப் பயிற்சி அது. வளரும் நாடுகளில் ஏற்கெனவே இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களை அவர்களது நிறுவனங்களே முன்மொழிய வேண்டும். மாணவராக இருந்துகொண்டு நேரடியாக விண்ணப்பிக்கும் இடம் அல்ல. அந்தப் பயிற்சியை முடித்தவர்களில் சிலருக்கு முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உதவித்தொகை உண்டு. மாணவர்கள் நேரடியாகச் சேர வேண்டுமென்றால் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகமும் ரெய்க்யாவிக் பல்கலைக்கழகத்தின் ஆற்றல் பள்ளியும் இருக்கின்றன. பயிற்சித் திட்டத்தில் பயின்றவர்கள் எழுதிய அறிக்கைகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல நாடுகளின் வயல்களைப் பற்றி இவ்வளவு நேரடியான எழுத்து வேறெங்கும் ஒரே இடத்தில் கிடைக்காது.

ஆக்லாந்தின் புவிவெப்ப நிறுவனம் 1978இல் தொடங்கியது. அங்கே ஒரு பருவம் மட்டும் நீளும் முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று இருக்கிறது. பொறியாளருக்கு நிலவியலையும் நிலவியலாளருக்குப் பொறியியலையும் சொல்லித் தருவதற்கென்றே வடிவமைத்தது. உங்கள் நிலையில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. ரிசர்வாயர் மாதிரியாக்கத்தில் அந்தக் குழு உலகின் முன்னணியில் நிற்பதும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு இந்தத் துறைக்குப் பழைய வீடு. 1975 முதல் அங்கே நடந்துவரும் ஆண்டுக் கருத்தரங்கின் கட்டுரைகளை யாரும் படிக்கலாம். பிளவுப் படுகைகளின் நிலவியலுக்கு ரெனோவில் உள்ள நெவாடா பல்கலைக்கழகம், செயற்கை ரிசர்வாயர்களுக்கு யூட்டா பல்கலைக்கழகம். கார்னெல் 2022இல் தன் வளாகத்திலேயே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஓர் ஆய்வுக் கிணறு தோண்டியது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2023இல் வளாகத்துக்குள் ஒரு ஜோடிக் கிணறுகளை இறக்கியது. இப்படிச் சொந்தக் கிணறு உள்ள பல்கலைக்கழகங்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே, டார்ம்ஸ்டாட், போஹும், ஜப்பானில் கியூஷு, இந்தோனேசியாவில் பாண்டுங் தொழில்நுட்பக் கழகம், கென்யாவில் டெடான் கிமாதி பல்கலைக்கழகம் ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. கடைசி இரண்டும் இயங்கும் பெரிய வயல்கள் உள்ள நாடுகளில் இருக்கின்றன. தரவரிசைப் பட்டியலில் மேலே இருக்கும், ஆனால் கிணற்றை யாரும் பார்த்திராத ஒரு துறையைவிட இவற்றை நான் மதிக்கிறேன்.

கிணற்றுத் தரவை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. நிறுவனங்கள் தரவை எளிதில் வெளியில் விடுவதில்லை. பேராசிரியரிடம் நல்ல யோசனை இருக்கும், தரவுக்கான ஒப்பந்தம் இருக்காது. மாணவர் ஓராண்டு காத்திருந்துவிட்டு, கடைசியில் கற்பனையான ஒரு சதுரப் பாறையை மாதிரியாக்கி ஆய்வேட்டை முடிப்பார். பட்டம் வந்துவிடும், ஆனால் உண்மையான கிணற்றின் வெப்பநிலைக் கோடு ஏன் நடுவில் வளைகிறது என்று வேலைக்கான நேர்காணலில் கேட்டால் பதில் வராது. கோடு நேராக ஏறினால் வெப்பம் பாறை வழியே கடத்தப்படுகிறது. ஏறக்குறைய செங்குத்தாக நின்றால் நீர் சுழல்கிறது. ஆழத்தில் திரும்பிக் குறைந்தால் சூடான நீர் பக்கவாட்டில் ஓடி வந்திருக்கிறது. இதை நூறு கிணறுகளில் பார்த்தவருக்கும் பாடநூலில் மட்டும் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒப்பந்தத் தரவு கிடைக்காதவர்களுக்கு ஒரு நல்ல வழி யூட்டா ஃபோர்ஜ் என்ற ஆய்வுக் களம். அமெரிக்க எரிசக்தித் துறை பணம் தரும் அந்தக் களத்தின் துளையிடல் பதிவுகள், நில அதிர்வு அளவீடுகள், நீர் செலுத்தும் சோதனைகள் எல்லாம் பொதுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. அதை மட்டும் வைத்தே தரமான ஆய்வேடு எழுதலாம்.

ஃபோர்ஜ் ஆராய்வது துறையின் இன்றைய சூடான கேள்வியை: பாறை சூடாக இருக்கிறது, பிளவு இல்லை, அழுத்தமான நீரைச் செலுத்திப் பிளவுகளை நாமே உண்டாக்கினால் என்ன? 1970களில் நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் இதைத் தொடங்கினார்கள், பின்னர் பிரான்சின் சூல்ட்ஸில் தொடர்ந்தது. 2023இல் ஃபெர்வோ நிறுவனம் நெவாடாவில் எண்ணெய்த் துறையின் கிடைமட்டத் துளையிடலைப் பயன்படுத்தி 3.5 மெகாவாட் அளவுக்கு நீரோட்டத்தைக் காட்டியபோது துறையின் நம்பிக்கை மீண்டது. கூடவே ஆபத்தும் இருக்கிறது. 2006இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நீர் செலுத்தியபோது 3.4 அளவு நில அதிர்வு வந்து திட்டம் நின்றது. 2017இல் தென் கொரியாவின் போஹாங்கில் 5.5 அளவு நிலநடுக்கம் பலரைக் காயப்படுத்தியது. அந்தப் புவிவெப்பத் திட்டமே அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த குழு 2019இல் அறிவித்தது. தூண்டப்படும் நில அதிர்வைப் படிக்க வருகிறவர்கள் இந்தத் துறைக்கு இன்று மிகவும் தேவை. மக்கள் உயிரோடும் வீட்டோடும் சம்பந்தப்பட்ட வேலை அது.

வேலையைப் பொறுத்தவரை உள்ளதைச் சொல்கிறேன். உலகம் முழுவதும் சேர்த்து நிறுவப்பட்ட புவிவெப்ப மின்திறன் இன்னும் 20,000 மெகாவாட்டைத் தொடவில்லை. சிறிய துறை. திட்டங்கள் மெதுவாக நகரும், துளையிடும் செலவு மிக அதிகம், முதல் கிணறு ஏமாற்றினால் முதலீட்டாளர் ஒதுங்கிவிடுவார். அதனால் எங்கே வேண்டுமானாலும் எடுபடும் திறனை வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வாயர் மாதிரியாக்கம் தெரிந்தவர் கரியமில வாயுவைப் புதைக்கும் திட்டத்திலும் நிலத்தடி நீரிலும் வேலை பார்க்க முடியும். துளையிடல் தெரிந்தவருக்கு எண்ணெய்த் துறையின் கதவும் திறந்திருக்கும்.

மின்சாரத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்றும் சொல்வேன். பாரிஸ் படுகையில் 1969 முதல் 60, 70 டிகிரி நீரை வைத்தே குடியிருப்புகளுக்கு வெப்பம் தருகிறார்கள். மியூனிக் நகரமும் தன் வெப்ப வலையமைப்பை அதே திசையில் கொண்டுபோகிறது. எரிமலை தேவையில்லாத வேலை இது. வருங்காலத்தில் இயந்திரப் பொறியாளருக்கு அதிக இடம் இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

முனைவர் பட்டம் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். கிணற்றுச் சோதனை, மின்நிலைய வடிவமைப்பு, திட்ட மேலாண்மை ஆகியவற்றுக்கு முதுநிலையே போதும். மாதிரியாக்க மென்பொருள் எழுதவோ, நில அதிர்வையோ பிளவு இயக்கவியலையோ ஆராயவோ விரும்பினால் மட்டும் மேலே போங்கள்.

விண்ணப்பிக்கும் முன் கிடைக்கும் சில மாதங்களில் பைத்தான் நன்றாகப் பழகுங்கள். நீராவி அட்டவணையை நிரலில் கூப்பிட்டு, ஒரு கிணற்றின் நீர் எந்த அழுத்தத்தில் எவ்வளவு நீராவியாகப் பிரியும் என்று கணக்கிடப் பாருங்கள். ஃபோர்ஜ் களஞ்சியத்திலிருந்து ஒரு கிணற்றின் வெப்பநிலைப் பதிவை இறக்கி, அதை வரைந்து, கோடு சொல்வதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் மதிப்பெண்களை ஒரு வரியில் முடித்துவிட்டு அந்த ஒரு பக்கத்தை இணையுங்கள். அவர் கடைசியாக எழுதிய இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு, எந்த வயலின் தரவில் தன் மாணவர்கள் வேலை செய்கிறார்கள், அதற்கான அனுமதி கையெழுத்தாகிவிட்டதா என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல வழிகாட்டிகள் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலான இடங்களில் உதவித்தொகைக்கான கடைசித் தேதி, சேர்க்கைக்கான தேதிக்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிடும்; அதனால் இந்தக் கடிதம் படிப்பு தொடங்குவதற்கு ஓராண்டு முன்னதாகவே போயாக வேண்டும்.